தண்ணீரில் இருந்து ஹைட்ரஜன்: இரிடியத்தின் இடத்தில் இரும்பு வருமா?

இரிடியம் என்று ஒரு உலோகம் இருக்கிறது. 2025-ம் ஆண்டில் அதன் விலை, கிலோ ஒரு கோடி ரூபாய்க்கு மேல்! நிக்கல் கிலோ இரண்டாயிரம் ரூபாய்க்கும் குறைவு. இரும்போ அதைவிடப் பல மடங்கு மலிவு.

தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் வாயுவை எடுக்கும் வேலையை இரிடியம் நன்றாகச் செய்கிறது. அதே வேலையை நிக்கலும் இரும்பும் செய்யுமா?

உலகம் முழுவதும் விஞ்ஞானிகள் இதற்கு விடை தேடிக்கொண்டு இருக்கிறார்கள். நமது காரைக்குடியிலும் சென்னையிலும் அந்த ஆராய்ச்சி நடக்கிறது.

"விஞ்ஞானிகள் பாடு! நமக்கு என்ன?" என்று இருந்துவிட முடியாது. வயலுக்குப் போடும் உரத்தில் ஹைட்ரஜன் இருக்கிறது. பஸ்சுக்குப் போடும் டீசலைச் சுத்தம் செய்யவும் ஹைட்ரஜன் வேண்டும். அதை எதில் இருந்து எடுக்கிறோம், என்ன விலைக்கு எடுக்கிறோம் என்பது ஒவ்வொரு குடும்பத்தின் செலவையும் தொடும் விஷயம்.

நாலு ரோடு சந்திப்பு

பூந்தமல்லியைத் தாண்டி மேற்கே போனால் நசரத்பேட்டை வருகிறது. சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையும், வண்டலூர் - மீஞ்சூர் வெளிவட்டச் சாலையும் சந்திக்கும் இடம் அது. இரவு பகல் என்று இல்லாமல் லாரிகள் ஓடும் ஊர்.

ஹைட்ரஜன் கதையைப் புரிந்துகொள்ள அங்கே நின்று சுற்றிலும் பார்த்தாலே போதும்.

மேற்கே கொஞ்ச தூரத்தில் இருங்காட்டுக்கோட்டை. அங்கே 1998-ல் இருந்து ஹுண்டாய் கார் தொழிற்சாலை கார்களைத் தயாரிக்கிறது. அந்தக் கம்பெனி 2024 ஜனவரியில் ஒரு அறிவிப்பு செய்தது. சென்னை ஐ.ஐ.டி.யுடன் சேர்ந்து ஹைட்ரஜன் ஆராய்ச்சி மையம் அமைக்க 180 கோடி ரூபாய் ஒதுக்குவதாகச் சொன்னது.

வடக்கே ஆவடி, அம்பத்தூர். இயந்திரங்களுக்கு உதிரிப் பாகம் செய்யும் சிறிய பட்டறைகள் நிறைந்த பகுதி. வெளிவட்டச் சாலையில் கடைசி வரை போனால் மீஞ்சூர். அதை அடுத்து எண்ணூர், மணலி.

பக்கத்திலேயே செம்பரம்பாக்கம் ஏரி. சென்னைக்குக் குடிதண்ணீர் கொடுக்கும் ஏரி.

கார் கம்பெனி, பட்டறை, எண்ணெய் ஆலை, ஏரி. இந்த நாலுக்கும் ஹைட்ரஜனோடு தொடர்பு இருக்கிறது. முதலில் மணலியைப் பார்ப்போம்.

மணலியில் நடப்பது என்ன?

ஹைட்ரஜன் ஒன்றும் புதிய சரக்கு இல்லை. மணலி பல ஆண்டுகளாக அதைத் தயாரித்து வருகிறது.

மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, 'மெட்ராஸ் ரிபைனரீஸ்' என்ற பெயரில் 1965-ல் தொடங்கிய நிறுவனத்துடையது. இன்று அதன் பெயர் சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன். பெட்ரோலிலும் டீசலிலும் உள்ள கந்தகத்தை நீக்க அங்கே ஹைட்ரஜன் தேவைப்படுகிறது. 2020 ஏப்ரலில் புகைக் கட்டுப்பாடு கடுமையாகியது. அதனால் கந்தகத்தை இன்னும் அதிகமாக நீக்க வேண்டியது ஆயிற்று.

அதே மணலியில் மெட்ராஸ் உரத் தொழிற்சாலை இருக்கிறது. உரத்துக்கு அமோனியா வேண்டும். அமோனியாவுக்கு ஹைட்ரஜன் வேண்டும்.

இந்த ஹைட்ரஜன் எதில் இருந்து வருகிறது? பெரும்பாலும் இயற்கை எரிவாயுவில் இருந்து. எரிவாயுவையும் நீராவியையும் மிகுந்த சூட்டில் சேர்த்து ஹைட்ரஜனைப் பிரிக்கிறார்கள்.

இதில் இரண்டு தொல்லைகள் இருக்கின்றன.

ஒன்று, புகை. ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுத்தால் ஒன்பது, பத்து கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது.

இரண்டு, இறக்குமதி. இந்தியாவுக்குத் தேவையான எரிவாயுவில் ஏறக்குறைய பாதி வெளிநாட்டில் இருந்து வருகிறது. எண்ணூரில் எரிவாயுக் கப்பல்கள் வந்து நிற்பதற்கு என்றே 2019-ல் ஒரு நிலையம் திறந்தார்கள். எங்கேயாவது போர் மூண்டால் எரிவாயு விலை ஏறும். அதோடு உரத்தின் அடக்க விலையும் ஏறும். விவசாயி கொடுக்கும் விலை ஏறாமல் இருக்க அரசாங்கம் மானியம் கொடுக்கிறது. அது யார் பணம்? நம்முடைய வரிப் பணம்தான்.

"எரிவாயு வேண்டாம்; தண்ணீரில் இருந்தே ஹைட்ரஜன் எடுப்போம்" என்ற யோசனை இதனால்தான் பலமாக எழுந்து இருக்கிறது.

தண்ணீர் ஒரு சாம்பல்!

தண்ணீரில் ஹைட்ரஜனும் பிராண வாயுவும் இருக்கின்றன. 9 கிலோ தண்ணீரைப் பிரித்தால் 1 கிலோ ஹைட்ரஜனும், 8 கிலோ பிராண வாயுவும் கிடைக்கும்.

பிரிப்பது எப்படி? தண்ணீருக்குள் இரண்டு தகடுகளை வைத்து மின்சாரத்தைச் செலுத்த வேண்டும். ஒரு தகட்டில் ஹைட்ரஜன் குமிழி குமிழியாக வரும். இன்னொரு தகட்டில் பிராண வாயு வரும். 1800-ம் ஆண்டிலேயே நிக்கல்சன், கார்லைல் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் இதைச் செய்து காட்டினார்கள்.

(வீட்டில் உப்புத் தண்ணீரில் இதைச் செய்து பார்க்கக் கூடாது. உப்பில் இருந்து குளோரின் என்ற நச்சு வாயு வரும். ஹைட்ரஜனோ தீப்பொறி பட்டால் வெடிக்கும்.)

இங்கே ஒன்றை நன்றாக நினைவில் வைக்க வேண்டும். விறகு எரிந்தால் சாம்பல் மிஞ்சுகிறது. ஹைட்ரஜன் எரிந்தால் தண்ணீர் மிஞ்சுகிறது. அதாவது தண்ணீர் என்பது ஹைட்ரஜன் எரிந்து முடிந்த சாம்பல்!

சாம்பலை மறுபடியும் விறகு ஆக்க வேண்டும் என்றால் சும்மா ஆகுமா? எரிந்தபோது வெளியே போன சக்தி முழுவதையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குக் குறைந்தது 39 யூனிட் சக்தி கொடுத்தே தீரவேண்டும். இது இயற்கையின் கணக்கு. எந்த மேதையாலும் இதைக் குறைக்க முடியாது.

"தண்ணீர் ஊற்றினால் கார் ஓடும்", "மூலிகை போட்டால் தண்ணீர் பெட்ரோல் ஆகும்" என்று யாராவது சொன்னால் நம்பிப் பணம் போடாதீர்கள். கொடுக்காத சக்தி திரும்பி வராது.

தரகர் செய்யும் வேலை

39 யூனிட் போதும் என்பது இயற்கையின் கணக்கு. தொழிற்சாலையில் ஆகும் செலவோ 50 முதல் 55 யூனிட். மிச்சம் 11 முதல் 16 யூனிட் வரை எங்கே போகிறது? பெரும்பாலும் சூடாக வீணாகிறது.

ஏன் வீணாகிறது? தண்ணீர் லேசில் பிரிவது இல்லை. பிரிந்த அணுக்களும் லேசில் ஜோடி சேர்வது இல்லை. ஹைட்ரஜன் அணு ஹைட்ரஜன் அணுவோடு சேர்ந்தால்தான் வாயுவாக வெளியே வரும். பிராண வாயு அணுவும் அப்படித்தான். வேலை மந்தமாக நடந்தால் மின்சாரத்தை அதிகமாகத் தள்ள வேண்டியது இருக்கிறது.

இந்த இடத்தில்தான் 'வினை ஊக்கி' வருகிறது.

அது கல்யாணத் தரகர் மாதிரி. இரண்டு வீட்டாரும் தாங்களே தேடிக்கொண்டு இருந்தால் வருஷக்கணக்கில் ஆகும். தரகர் வந்தால் மூன்று மாதத்தில் முகூர்த்தம் வைத்துவிடுவார். ஆனால் தரகர் எந்த வீட்டுக்கும் சம்பந்தி ஆவது இல்லை. இந்தக் கல்யாணம் முடிந்ததும் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்.

வினை ஊக்கியும் அப்படியே. தகட்டின் மேல் பூசி இருக்கும். அணுக்கள் அதன் மேல் வந்து உட்கார்ந்து, ஜோடி சேர்ந்து, பறந்துபோகும். அது மட்டும் தகட்டிலேயே இருக்கும். அடுத்த அணுக்களுக்கு இடம் கொடுக்கும்.

ஊக்கி புதிதாகச் சக்தியை உண்டாக்காது. வீணாவதைக் குறைக்கும், வேகத்தைக் கூட்டும். அவ்வளவுதான்.

அந்த 'அவ்வளவுதான்' எவ்வளவு பெரியது என்று பாருங்கள். ஆண்டுக்கு 50 லட்சம் டன் ஹைட்ரஜன் தயாரிக்கும் வசதியை 2030-க்குள் உண்டாக்க வேண்டும் என்பது இந்திய அரசாங்கத்தின் திட்டம். கிலோவுக்கு ஒரே ஒரு யூனிட் மிச்சம் பிடித்தாலும், ஆண்டுக்கு 500 கோடி யூனிட் மின்சாரம் மிச்சமாகும்!

தங்கத்தை விட அரியது

இன்று தண்ணீரைப் பிரிக்கும் முறைகளில் முக்கியமானவை இரண்டு.

பழைய முறையில் காரம் கலந்த தண்ணீரைப் பயன்படுத்துகிறார்கள். இதற்கு நிக்கல் தகடு போதும். செலவு குறைவு. ஆனால் கருவி பெரியது. மின்சாரம் திடீரென்று கூடினாலோ குறைந்தாலோ அதற்கு ஈடுகொடுப்பது கடினம்.

புதிய முறையில் மெல்லிய சவ்வு ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். கருவி சிறியது. வேகமானது. வெயில் ஏறி இறங்குவதற்கும், காற்று கூடிக் குறைவதற்கும் ஏற்றபடி ஓடும். சூரிய மின்சாரத்துக்கும் காற்றாலை மின்சாரத்துக்கும் இது பொருத்தமானது.

ஆனால் இந்தச் சவ்வு அமிலத் தன்மை உடையது. சாதாரண உலோகத்தை அது அரித்துவிடும். ஹைட்ரஜன் வரும் தகட்டில் பிளாட்டினமும், பிராண வாயு வரும் தகட்டில் இரிடியமும்தான் இதில் தாக்குப்பிடிக்கின்றன.

உலகத்தில் ஆண்டுதோறும் 3 ஆயிரம் டன்னுக்கு மேல் தங்கம் வெட்டி எடுக்கப்படுகிறது. இரிடியம் எவ்வளவு கிடைக்கிறது தெரியுமா? ஏழு, எட்டு டன்தான்! நாலு லாரியில் ஏற்றிவிடலாம். அதிலும் பெரும்பகுதி தென் ஆப்பிரிக்காவில் இருந்து வருகிறது. பிளாட்டினம் எடுக்கும்போது கூடவே கிடைக்கும் பொருள் அது. "இரிடியம் வேண்டும்" என்று தனியாகச் சுரங்கம் தோண்ட முடியாது.

அதனால் விலை தாறுமாறாக ஏறி இறங்குகிறது. 2021-ல் ஒரு அவுன்ஸ் இரிடியம் 6 ஆயிரம் டாலரைத் தாண்டியது. அப்போது ஒரு அவுன்ஸ் தங்கம் ஆயிரத்து எண்ணூறு டாலர் அளவில்தான் இருந்தது.

ஆயிரம் மெகாவாட் சவ்வுக் கருவிகளுக்கு இன்றைய கணக்கில் சுமார் 400 கிலோ இரிடியம் வேண்டும். இந்தியாவின் திட்டத்துக்குக் குறைந்தது 60 ஆயிரம் மெகாவாட் கருவிகள் தேவைப்படும். எல்லாவற்றையும் சவ்வு முறையிலேயே செய்தால் 24 டன் இரிடியம் வேண்டும். அது உலகத்தின் மூன்று ஆண்டு உற்பத்தி! ஜெர்மனியும் ஜப்பானும் அமெரிக்காவும் சும்மா பார்த்துக்கொண்டு இருப்பார்களா?

எண்ணெய்க்கு அரபு நாடுகளை நம்பி இருக்கிறோம். நாளை உலோகத்துக்கு இன்னொரு நாட்டை நம்பி இருக்க வேண்டியது வந்தால், பழைய கயிற்றை அவிழ்த்துப் புதிய கயிற்றைக் கட்டிக்கொண்ட கதைதான்.

மலிவான ஊக்கி பற்றிய ஆராய்ச்சி இதனால்தான் முக்கியமாகிறது.

இரும்பு செய்த வேலை

நிக்கலோடு கொஞ்சம் இரும்பு கலந்தால் பிராண வாயு வேகமாகப் பிரிகிறது. இது எப்படித் தெரிந்தது?

நிக்கல் மின்கலங்களில் இரும்புத் தூசி கலந்துவிடுவது ஒரு கோளாறாக இருந்தது. மின்கலத்தில் சக்தி ஏறுவதற்குப் பதில் பிராண வாயு கிளம்பியது. மின்கலம் செய்பவர்களுக்கு அது தொல்லை. தண்ணீரைப் பிரிப்பவர்களுக்கோ அது வரம்! கோரிகன் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1987-ல் இதை ஆராய்ந்து எழுதினார். மிகக் கொஞ்சம் இரும்பு கலந்தாலே பெரிய வித்தியாசம் தெரிகிறது என்று காட்டினார்.

அதன் பிறகு இரும்பு, நிக்கல், கோபால்ட் ஆகிய மூன்றையும் வைத்து ஆயிரக்கணக்கான கலவைகளைச் சோதித்துப் பார்த்து இருக்கிறார்கள். காரத் தண்ணீரில் நிக்கலும் இரும்பும் நன்றாக வேலை செய்கின்றன. அமிலத்தில்தான் கரைந்து போகின்றன.

இரண்டு முறைகளிலும் உள்ள நல்லதைச் சேர்த்து மூன்றாவது முறை ஒன்றும் வந்து இருக்கிறது. சவ்வு உண்டு, ஆனால் அமிலத்துக்குப் பதில் காரம். கருவியும் சிறியது, நிக்கலும் இரும்பும் போதும். குறை என்ன என்றால், காரத்தைத் தாங்கும் சவ்வு நீண்ட நாள் உழைப்பது இல்லை. அதைச் சரிசெய்யப் பல நாடுகள் முயன்று வருகின்றன.

அம்பத்தூர் பட்டறைகளுக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது. நிக்கல் முலாம் பூசும் தொழில் நமது தொழிலாளிகளுக்குத் தெரிந்த தொழில். தொட்டியில் நிக்கல் உப்புக் கரைசல், அதில் பொருளைத் தொங்கவிட்டு மின்சாரம் செலுத்துதல், மெல்லிய பூச்சு. ஊக்கித் தகடு செய்யும் வழிகளில் ஒன்றும் இதே மாதிரிதான். கலவையின் அளவும், பூச்சின் நயமும் மிகத் துல்லியமாக இருக்க வேண்டும். ஆனால் தொழில் அந்நியமான தொழில் இல்லை.

கார்கள் மின்சாரத்துக்கு மாறி வருகின்றன. என்ஜின் பாகம் செய்யும் பட்டறைகள் நாளைக்கு என்ன செய்வது என்று யோசிக்கின்றன. இரிடியம் தகடு என்றால் அவர்கள் கிட்டே போக முடியாது. நிக்கல் - இரும்புத் தகடு என்றால் அவர்களுக்கும் வேலை உண்டு.

காரைக்குடியின் பங்கு

மின்சாரத்தையும் ரசாயனத்தையும் சேர்த்து ஆராய்வதற்கு என்றே நமது நாட்டில் ஒரு பெரிய ஆராய்ச்சிக் கூடம் இருக்கிறது. அது இருப்பது டெல்லியில் இல்லை. காரைக்குடியில்!

வள்ளல் அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும், 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-ல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரியில் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் என்பது அதன் பெயர். சென்னை தரமணியிலும் அதற்குக் கிளை உண்டு.

அந்த நிலையத்தைச் சேர்ந்த அனந்தராஜ், சுப்ரதா குண்டு முதலியவர்கள் 2016-ல் ஒரு நீண்ட ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். இரும்பு, கோபால்ட், நிக்கல் ஆகியவற்றோடு கந்தகம், செலினியம், பாஸ்பரஸ் சேர்த்துச் செய்யும் ஊக்கிகளை அதில் எடை போட்டார்கள். உலகம் முழுவதும் இந்தத் துறையில் உள்ளவர்கள் அதைப் படித்து எடுத்துக்காட்டி எழுதினார்கள். செட்டிநாட்டில் வள்ளல் ஒருவர் கொடுத்த நிலத்தில் நின்று எழுதிய கட்டுரை, உலக ஆராய்ச்சிக் கூடங்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

சென்னை ஐ.ஐ.டி.யிலும் வேலை நடக்கிறது. பேராசிரியர் ராமபிரபுவின் குழுவினர், கடல் தண்ணீரில் இருந்தே ஹைட்ரஜன் எடுக்கும் கருவி ஒன்றை உருவாக்கினார்கள். 2023-ல் அந்தச் செய்தி வெளிவந்தது. கரியினால் ஆன தகட்டின் மேல், விலை குறைந்த இரண்டு உலோகங்களைச் சேர்த்த பூச்சு. நடுவில் செல்லுலோஸ் என்ற மரநார்ப் பொருளால் ஆன தடுப்பு. மின்சாரம் வெயிலில் இருந்து.

கடல் தண்ணீரில் உள்ள உப்புதான் பெரிய எதிரி. அது தகட்டை அரிக்கும், குளோரினைக் கிளப்பும். அதைச் சமாளிக்கும் பூச்சைக் கண்டுபிடிப்பது பெரிய காரியம்.

ஆனால் ஒன்று. கடல் தண்ணீரைச் சுத்தம் செய்வது அவ்வளவு செலவான வேலை இல்லை. மீஞ்சூரில் 2010-லும், நெம்மேலியில் 2013-லும் கடல் நீரைக் குடிநீர் ஆக்கும் நிலையங்கள் வந்தன. ஆயிரம் லிட்டருக்கு மூன்று, நாலு யூனிட் மின்சாரம் போதும். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு வேண்டிய தண்ணீரைச் சுத்தம் செய்ய ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு ஆகலாம். தண்ணீரைப் பிரிக்க ஆவதோ 50 யூனிட். ஆகவே மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் பிரிக்கும் தகடுதான்.

தண்ணீர் தீர்ந்து போகுமா?

"குடிக்கவே தண்ணீர் இல்லை. இதில் ஹைட்ரஜன் வேறா?" என்று தாய்மார்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2019 கோடையில் செம்பரம்பாக்கம் வறண்டு கிடந்ததை யார் மறக்க முடியும்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 50 லட்சம் டன் ஹைட்ரஜனுக்கு 450 லட்சம் டன் தண்ணீர் வேண்டும். அதாவது 4 ஆயிரத்து 500 கோடி லிட்டர். செம்பரம்பாக்கம் ஏரியின் கொள்ளளவு 364 கோடியே 50 லட்சம் கன அடி. ஏறக்குறைய 10 ஆயிரத்து 300 கோடி லிட்டர்.

ஆகவே இந்தியா முழுவதற்கும் ஒரு ஆண்டுக்கு வேண்டிய தண்ணீர், நிரம்பிய செம்பரம்பாக்கம் ஏரியில் பாதிக்கும் குறைவு! கருவியைக் குளிரவைக்கவும், தண்ணீரைச் சுத்தம் செய்யவும் ஆகும் செலவைச் சேர்த்து இரண்டு, மூன்று மடங்கு என்று வைத்துக்கொண்டாலும் அது ஒரு ஏரித் தண்ணீருக்குக் கொஞ்சம் கூட இருக்கலாம்.

நாட்டுக்கு அது பெரிய அளவு இல்லை. ஆனால் ஒரே ஊரில் எடுத்தால் அந்த ஊர் தாங்காது. ஏரித் தண்ணீரையும் கிணற்றுத் தண்ணீரையும் தொடாமல், கடலோரத்தில் கடல் நீரைச் சுத்தம் செய்து எடுப்பதே முறை.

நங்கல் சொல்லும் பாடம்

மலிவான ஊக்கி வந்துவிட்டால் ஹைட்ரஜன் மலிவாகிவிடுமா? அங்கேதான் ஒரு எச்சரிக்கை தேவைப்படுகிறது.

1960-களின் தொடக்கத்தில் பஞ்சாப் மாநிலம் நங்கலில் ஒரு பெரிய உரத் தொழிற்சாலை ஓடத் தொடங்கியது. பக்ரா அணையின் மின்சாரத்தைக் கொண்டு தண்ணீரைப் பிரித்து, ஹைட்ரஜன் எடுத்து, உரம் செய்தார்கள். அறுபது ஆண்டுகளுக்கு முன்பே இந்தியாவில் இது நடந்தது!

பிறகு ஏன் நின்றது? ஊக்கி கெட்டதால் இல்லை. மின்சாரத்துக்குப் பல கை நீண்டன. வயலுக்கு வேண்டும், வீட்டுக்கு வேண்டும், ஆலைக்கு வேண்டும். தண்ணீரைப் பிரிக்கக் கொடுப்பதற்கு மின்சாரம் மிஞ்சவில்லை. எண்ணெயில் இருந்து ஹைட்ரஜன் எடுப்பது மலிவாக இருந்தது.

இன்றும் கணக்கு அதுதான். யூனிட் 6 ரூபாய் என்றால், ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு மின்சாரச் செலவு மட்டும் 300 ரூபாயைத் தொடும். யூனிட் 3 ரூபாய் என்றால் 150 ரூபாய். மின்சாரம் மலிவாக இருக்க வேண்டும். கருவியும் மலிவாக இருக்க வேண்டும். இரண்டு மாடும் சேர்ந்து இழுத்தால்தான் வண்டி நகரும்.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு வசதி உண்டு. ஆடி மாதத்தில் காற்றாலைகள் சுழன்று தள்ளுகின்றன. பகலில் வெயிலுக்குக் குறைவு இல்லை. தேவைக்கு மேல் மின்சாரம் இருக்கும் நேரங்களில் மட்டும் கருவியை ஓட்டலாம். ஆனால் வருஷத்தில் பாதி நாள் சும்மா கிடக்கும் கருவியில் கோடிக்கணக்கான ரூபாயை யார் முடக்குவார்கள்? கருவி மலிவாக இருந்தால்தான் அது கட்டுப்படியாகும். அங்கே மறுபடியும் நிக்கலும் இரும்பும் வருகின்றன.

ஒரு நாள் ஓடினால் போதுமா?

மலிவான ஊக்கியைக் கண்டுபிடித்ததாக அடிக்கடி செய்தி வருகிறது. பிறகு ஏன் எல்லாம் கடைக்கு வரவில்லை?

சோதனைச் சாலையில் சின்ன நகம் அளவு தகட்டில், கொஞ்சம் மின்சாரம் விட்டுப் பார்ப்பது வழக்கம். தொழிற்சாலையில் அதைப்போல நூறு மடங்கு மின்சாரத்தைத் தகடு தாங்க வேண்டும். சோதனைச் சாலையில் பல தகடுகளைச் சில மணி நேரமோ, சில நாட்களோதான் ஓட்டுகிறார்கள். தொழிற்சாலைக்காரரோ 60 ஆயிரம் மணி நேரம் ஓட வேண்டும் என்று கேட்பார். அது ஏழு வருஷம்!

புதுச் செருப்பு கடைக்குள் நடக்கும்போது நன்றாகத்தான் இருக்கும். மழையிலும் வெயிலிலும் ஒரு வருஷம் போட்டு நடந்தால்தான் தரம் தெரியும்.

நமது குறை இங்கேதான் இருக்கிறது. தேசிய பசுமை ஹைட்ரஜன் திட்டத்துக்கு மத்திய மந்திரிசபை 2023 ஜனவரி 4-ந் தேதி ஒப்புதல் கொடுத்தது. ஒதுக்கிய தொகை 19 ஆயிரத்து 744 கோடி ரூபாய். இதில் ஆராய்ச்சிக்கு 400 கோடி. நூறு ரூபாயில் இரண்டு ரூபாய்! பெரும்பகுதி, கருவி செய்பவர்களுக்கும் ஹைட்ரஜன் தயாரிப்பவர்களுக்கும் ஊக்கத் தொகையாகப் போகிறது.

தொழிலுக்கு ஊக்கம் வேண்டியதுதான். ஆனால் தகட்டை நாமே செய்யாமல் வெளியூர்ச் சரக்கை வாங்கிப் பூட்டினால், ஊக்கத் தொகையில் ஒரு பங்கு வெளிநாட்டுக்குப் போய்விடும். காரைக்குடியிலும் கிண்டியிலும் செய்யும் தகடுகளை, தொழிற்சாலை அளவில், வருஷக்கணக்கில் ஓட்டிப் பார்க்கும் சோதனை நிலையங்கள் வேண்டும். அம்பத்தூர் பட்டறைக்காரரும் தன் தகட்டைக் கொண்டுபோய்ச் சோதித்து, சான்று வாங்கும்படி அவை இருக்க வேண்டும். அது இல்லாமல் நல்ல கண்டுபிடிப்பு காகிதத்திலேயே நின்றுவிடும்.

அடுப்புக்கு வருமா?

ஹைட்ரஜன் நமது சமையல் அறைக்கு வருமா? இப்போதைக்கு வராது. வரவேண்டிய அவசியமும் இல்லை. மின்சாரத்தைக் கொண்டு ஹைட்ரஜன் எடுத்து, அதை எரித்துச் சமைப்பதை விட, அதே மின்சாரத்தில் நேராகச் சமைப்பது சிக்கனம்.

2025 செப்டம்பரில் தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் 3 கோடியே 87 லட்சம் ரூபாய் செலவில் ஒரு சிறிய ஹைட்ரஜன் நிலையத்தைத் திறந்தார்கள். மணிக்கு 10 கன மீட்டர் வாயு கிடைக்கும். எடையில் அது ஒரு கிலோவுக்கும் குறைவு. துறைமுகக் குடியிருப்பின் தெருவிளக்குகளுக்கு அதைப் பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். இது பழகிப் பார்க்கும் முயற்சி. தெருவிளக்குக்காக ஹைட்ரஜன் வேண்டியது இல்லை. கப்பலுக்கும் உரத்துக்கும் வேண்டும்.

சென்னை பெரம்பூர் ஐ.சி.எப். தொழிற்சாலை, ஹைட்ரஜனில் ஓடும் ரெயில் பெட்டியைச் செய்து, 2025 ஜூலையில் சோதனை பார்த்தது. அரியானா மாநிலத்தில் ஜிந்த் - சோனிபட் பாதைக்காகத் திட்டமிட்ட ரெயில் அது. நமது தொழிலாளிகளின் கைத்திறனுக்கு இது ஒரு சான்று.

ஹைட்ரஜனால் நமக்கு நன்மை வரும் வழி உரம், எண்ணெய் ஆலை, இரும்பு ஆலை, கப்பல் ஆகியவைதான். மணலியில் எரிவாயுவின் இடத்தைத் தண்ணீர் பிடித்தால், கரியமில வாயு குறையும். வெளிநாட்டுக்குப் போகும் பணம் குறையும். உர மானியச் சுமையும் மெல்ல மெல்ல இறங்கும்.

மூன்று கேள்விகள்

இனிமேல் "தண்ணீரில் இருந்து ஹைட்ரஜன்! புதிய கண்டுபிடிப்பு!" என்று செய்தி வந்தால், மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

தகடு எந்த உலோகத்தால் ஆனது?

ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு எத்தனை யூனிட் மின்சாரம் ஆயிற்று?

நிற்காமல் எத்தனை மணி நேரம் ஓடியது?

மூன்றுக்கும் நல்ல பதில் இருந்தால் அந்தச் செய்தியைக் கத்தரித்து வைத்துக்கொள்ளலாம். ஒன்றுக்குப் பதில் இல்லை என்றாலும், "முயற்சி நடக்கிறது, இன்னும் முடியவில்லை" என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

நசரத்பேட்டை, பூந்தமல்லி வட்டாரத்தில் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. தினமும் காலையில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் பஸ்களில் வந்து இறங்குகிறார்கள். வேதியியலும் உலோகவியலும் படித்தால் வேலை கிடைக்குமா என்று பெற்றோர் தயங்குவது உண்டு. இரும்புக்கும் நிக்கலுக்கும் இரிடியத்தின் வேலையைக் கற்றுக்கொடுக்க வேண்டியவர்கள் அந்தத் துறைகளில் இருந்துதான் வரவேண்டும். தகடு கரையாமல் ஏழு வருஷம் ஓடும்படி செய்கிறவருக்கு வேலை தேடி வரும்!